மாடத்தியின் நிறை

உச்சினிமாகாளிக்கு மாடத்தி கொடுக்க வேண்டிய செம்பு ஐந்நூற்றுப் பத்தொன்பது கிலோ அறுநூற்றெண்பது கிராம் என்று கோயில் தர்மகர்த்தா சொன்னபோது பிறவிப்பெருமாள் சிரித்துவிட்டான். தர்மகர்த்தா சிரிக்கவில்லை.

"என் பொண்டாட்டி அம்பத்தெட்டு கிலோ," என்றான் பிறவிப்பெருமாள். "கல்யாணத்தன்னைக்கு அம்பத்தொண்ணு. நடுவுல ஏறுன ஏழுக்கு வேணும்னா நான் பொறுப்பு. மிச்ச நானூத்திச் சொச்சத்துக்கு யாருவே பொறுப்பு?"

"வளையம் சொல்லுது," என்றான் தர்மகர்த்தா.

இருவரும் ஒரே நேரத்தில் ஆவுடைத்தங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். வளையம் என்ன சொன்னாலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

கொற்கை, பூமியிலிருந்து ஐந்து மாதப் பயணத் தொலைவில் ஒரு விண்கல்லின் இடுப்பில் ஒட்டவைத்த உலோக நிலையம். முந்நூற்று நாற்பது பேர் அங்கே பாறையைக் குடைந்து உலோகம் உருக்கினார்கள். அங்கே எதற்கும் எடை கிடையாது. உருக்காலையின் இரும்புக் கதவும் ஊறுகாய் பாட்டிலும் விட்ட இடத்தில் மிதக்கும். தராசு என்ற பொருளை யாரும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் அழகுக்கு மாட்டி வைக்கத்தான் ஆகும்.

ஆனால் கப்பலுக்கு நிறை தெரிந்தாக வேண்டும். எடை போய்விட்டது என்பதற்காகப் பொருளுக்குள் இருக்கும் சரக்கு எங்கேயும் போய்விடுவதில்லை. அதைத் தள்ளத்தான் எரிபொருள் எரிகிறது. நிறையைக் கண்டுபிடிக்கத்தான் வளையம். ஆள் உயரத்துக்கு ஓர் ஒளிச் சட்டம். பொருளை அதற்குள் நுழைத்து எடுத்தால் கன அளவு எத்தனை லிட்டர் என்று சொல்லும். பிறகு, என்ன பொருள் என்று கேட்கும். அலுமினியம் என்றால் லிட்டருக்கு இரண்டு கிலோ எழுநூறு கிராம், இரும்பு என்றால் ஏழு கிலோ எண்ணூற்று எழுபது, செம்பு என்றால் எட்டுக் கிலோ தொள்ளாயிரத்து அறுபது. அந்த அடர்த்தியால் பெருக்கி நிறையைச் சொல்லிவிடும். ஆட்களுக்கு 'உடல்' என்று தனிப் பொத்தான். மனிதனுக்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை.

வளையத்துக்கும் அதன் பதிவேட்டுக்கும் பத்தொன்பது ஆண்டுகளாக ஆவுடைத்தங்கம்தான் பொறுப்பு. பதிவேட்டில் இதுவரை ஒரு பொய் வரி ஏறியதில்லை. வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறு பெரிதாக எதுவும் இல்லை. இது போதும் என்று இருந்தாள்.

"ஏலே நாதா," என்றாள். "மாடத்திய வளையத்துல நுழைச்சியே, எந்தப் பொத்தான அமுக்குன?"

"செம்பு."

"பொம்பளைய நுழைச்சுட்டு செம்புன்னா அமுக்குவாக?"

"என்ன பொருளுன்னு கேட்டுச்சு சித்தி. அம்மனுக்கு நேந்தது செம்பு. பின்ன வேற என்னத்தச் சொல்ல?"

தர்மகர்த்தாவின் பெயர் கொற்கைநாதன். இருபத்து நான்கு வயது. நிலையத்தில் பிறந்த முதல் குழந்தை. பெயர் அதனால் வந்தது, போன ஆண்டு தர்மகர்த்தா பதவியும் அதனாலேயே வந்தது. செய்திப் பிரிவில் வேலை. பூமியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். எடையைத் தாங்கிப் பழகாத அவன் எலும்புக்குப் பூமியில் இறங்கும் யோகமும் இல்லை. எதையும் தூக்கியவன் அல்ல, எதன் கீழும் நசுங்கியவன் அல்ல. 'கனம்' என்பது அவனுக்கு ஊர்க்காரர்கள் பேசும்போது கண்களை மூடிக்கொண்டு சொல்லும் ஒரு சொல், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நான்கு மாதத்துக்கு முன்பு, நிலையத்துக்கு வெளியே கண்ணாடித் தகடு பழுதுபார்க்கப் போன மாடத்தியின் பாதுகாப்புக் கயிறு அறுந்தது. நாற்பது நிமிடம் அவள் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தாள். உள்ளே பிறவிப்பெருமாள் கோயில் முன்னால் விழுந்து, அதாவது மிதந்து, அவளைத் திருப்பிக் கொடுத்தால் எடைக்கு எடை செம்பு தருகிறேன் என்று துலாபாரம் நேர்ந்துகொண்டான். மீட்புக் கை அவளைப் பிடித்துவிட்டது. அதற்குப் பின் வந்தது இன்னொரு வினை. அடிபட்ட காலைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு அரித்துப்போயிருக்கிறது, அடுத்த கப்பலிலேயே ஊருக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கப்பல் வந்து நின்றது. இன்னும் நான்கு நாளில் புறப்படும். இதை விட்டால் அடுத்தது பதினான்கு மாதம் கழித்து. அவ்வளவு நாள் அந்த எலும்பு தாங்காது.

மாடத்தி மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "என் உசுருக்குப் பேசுன கடன். அத வச்சிட்டு நான் கப்பல்ல ஏற மாட்டேன். நாப்பது நிமிசம் அங்க தனியா இருந்தது நானு, நீங்க இல்ல."

கடன் தீர்ந்தது என்று சொல்ல வேண்டியவன் தர்மகர்த்தா. அவன் கேட்டதோ ஐந்நூற்று இருபது.

"நீ சொல்லுறது ஒரு முழு மாடத்தியச் செம்புல வார்த்தா வர்ற நிறைடே," என்றாள் ஆவுடைத்தங்கம் பொறுமையாக. "அம்பத்தெட்டு லிட்டர் மாடத்தி, லிட்டருக்கு எட்டே தொள்ளாயிரத்து அறுபது. துலாபாரம்னா அது இல்ல. அவ அம்பத்தெட்டு கிலோ. செம்பு அம்பத்தெட்டு கிலோ. ஆறரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா வரும். இந்தா, இம்புட்டுதான்." கைகளால் ஒரு சாணுக்கும் குறைவாகக் காட்டினாள்.

கொற்கைநாதன் அந்தக் கைகளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சித்தி, தப்பா நினைக்கப்படாது. துலாபாரம்னா ரெண்டு தட்டும் சமமா நிக்கணும்னு படத்துல பாத்திருக்கேன். இங்க எத வச்சாலும் ரெண்டு தட்டும் சமம்தான். அப்ப அம்மன் எத வச்சு முடிவு பண்ணுவா? கண்ணால பாத்துத்தான். இந்தப் பக்கம் ஒரு முழு ஆளு, அந்தப் பக்கம் ஒரு டிபன் பாக்ஸு. எந்த அம்மன் ஒத்துக்கிடுவா?"

"எத வச்சாலும் சமம்னு நீரே சொல்லிட்டீருல்லா," என்றான் பிறவிப்பெருமாள். "ஒரு ஆணிய வச்சிட்டுப் போறேன். சமமா நிக்கும்."

"ஆணி இரும்பு. நேந்தது செம்பு."

"செம்பு ஆணி வைக்கேன்வே."

"வையும். அம்மனுக்கு முன்னால வச்சிட்டு, கண்ண நேரா பாத்து, இதுதான் என் பொண்டாட்டின்னு சொல்லும்."



ஆவுடைத்தங்கத்துக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில், பயல் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறதே என்ற குறுகுறுப்பும் வந்தது. நிறை என்ற ஒன்றை இத்தனை ஆண்டுகளாகப் பதிவேட்டில் எழுதிவருகிறாள். அதை இங்கே யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? வளையம் கன அளவைச் சொல்கிறது. அடர்த்தி அட்டவணையில் இருக்கிறது. மீதி பெருக்கல். அதை நம்பு என்று ஒரு பக்தனிடம் எப்படிச் சொல்வது?

வழி சொன்னது மாடத்திதான். கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு மிதந்து வந்து சேர்ந்தவள், சண்டையை அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கயிறு இருந்தாப் போதும். அந்த முனையில கட்டிய வைங்க, இந்த முனையில நான். நான் இழுக்கேன். நான் அத இழுத்தா, அது என்னையும் இழுக்கும்லா. ரெண்டு பேரும் சமம்னா நட்டநடுவுல முட்டணும். ஒருத்தி கூடன்னா மத்தது அவகிட்டப் போயிரும். வெளிய கெடந்தப்ப மீட்புக் கைய இழுத்தேன். அது வரல, நான்தான் போனேன். அப்பத் தெரிஞ்சிக்கிட்டேன் யாரு பெரிய ஆளுன்னு."

கொற்கைநாதன் இரண்டு கைகளையும் விரித்து, நடுவில் கொண்டுவந்து முட்டிப் பார்த்தான். "அது துலாபாரம்தான்," என்றான் கடைசியில். "நடுவுல குங்குமம் வச்சிருவோம்."

உருக்காலையில் வெட்டி எறியும் கம்பி நுனிகள் தொழிலாளிகளுக்குச் சொந்தம் என்பது நிலையத்தின் பழைய வழக்கம். பிறவிப்பெருமாள் உலைக்காரன். ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டு, சேர்ந்ததையெல்லாம் உருக்கி, ஒரு நாள் முழுக்க நின்று கட்டி வார்த்தான். வளையத்தில் நுழைத்தார்கள். ஆறு லிட்டர் நானூற்று எழுபத்து மூன்று மில்லி. செம்பு. ஐம்பத்தெட்டு கிலோ. எண் பிசகவில்லை.

மறுநாள் காலை, இருபது மீட்டர் நீளமுள்ள நடுத்தாழ்வாரத்தில் கூட்டம் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது. நடுவில் குங்குமத்தால் ஒரு கோடு. ஒரு முனையில் மஞ்சள் சேலை கட்டிய மாடத்தி. மறுமுனையில் மஞ்சள் பூசிய செம்புக்கட்டி. நடுவில் நைலான் கயிறு. மாடத்தி மெதுவாக இழுத்தாள். கட்டி புறப்பட்டது. அவளும் புறப்பட்டாள். குலவை எழுந்தது.

குங்குமக் கோட்டைக் கட்டி முதலில் தாண்டியது. மாடத்தியின் பக்கமாக அரை மீட்டருக்கு மேல் உள்ளே வந்து அவள் கைகளில் முட்டியது.

குலவை நின்றுபோனது.

"கட்டி லேசு," என்றான் கொற்கைநாதன். அவன் குரலில் வெற்றி இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான்.

ஆவுடைத்தங்கம் கோட்டிலிருந்து தூரத்தை அளந்து மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஐம்பத்திரண்டு. ஆறு கிலோ குறைகிறது. ஆனால் வளையம்? அவள் கட்டியை வாங்கி விரல் முட்டியால் தட்டினாள். நடுவில் கணீரென்றது, ஓரத்தில் பொத்தென்றது.

"பெருமாளு, உலையச் சுத்தவிட்டு வாத்தியா, சும்மா வாத்தியா?"

பிறவிப்பெருமாளின் முகம் வெளிறியது. "அவசரத்துல... சும்மாதான் மதினி."

ஊரில் உருகிய செம்பில் காற்று இருந்தால் மேலே வந்து வெடித்துப் போய்விடும். இங்கே மேல் என்று ஒரு பக்கம் கிடையாது. உலையைச் சுழற்றி வெளியேற்றாவிட்டால் குமிழி பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். கட்டிக்குள் முந்திரிப்பருப்பு மாதிரி காற்று. வளையத்துக்கு வெளித்தோல்தான் தெரியும், வயிறு தெரியாது. செம்பு என்று சொன்னால் முழுக்கச் செம்பு என்றே பெருக்கும். பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை வரிகளை அந்த நம்பிக்கையில் எழுதினோம் என்ற நினைப்பு வந்ததும் ஆவுடைத்தங்கம் அதைச் சட்டென்று தள்ளிவிட்டாள்.

"இனி கம்பி நுனி இல்ல," என்றான் பிறவிப்பெருமாள். "தொடச்சு எடுத்துட்டேன்."

மாடத்தி கட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மிதந்தாள். கப்பல் புறப்பட இரண்டு நாள்.

முதலில் அசைந்தது கொற்கைநாதன். சட்டைக்குள்ளிருந்து தர்மகர்த்தா பட்டயத்தை எடுத்தான். பதவி ஏற்ற அன்று கழுத்தில் போட்ட செப்புத் தகடு. அதைக் கழற்றிக் கட்டியோடு சேர்த்துக் கட்டினான். "அம்மனுக்குத்தானே போவுது," என்றான் யாரையும் பார்க்காமல். பிறகு வளையல்கள் வந்தன. ஒரு செம்புத் தண்ணீர்க் குவளை வந்தது. மருத்துவர் தன் மேஜையின் மூலைத் தகட்டைக் கழற்றி அனுப்பினார். ஆவுடைத்தங்கம், ஊரிலிருந்து கொண்டுவந்து இதுவரை பயன்படுத்தாத குத்துவிளக்கைக் கொடுக்கப் போய், அது பித்தளை என்று திருப்பி அனுப்பப்பட்டு, சமையலறையின் செப்பு அண்டாவுக்கு மூடி இல்லாமல் செய்தாள்.

மூன்றாம் தடவை இழுத்தபோது இரண்டும் குங்குமக் கோட்டின் மேல் முட்டின. மாடத்தியின் நெற்றி கட்டியில் இடித்து வீங்கியது. குலவை தாழ்வாரத்தின் இரண்டு முனைகளிலும் போய் மோதித் திரும்பியது.

கொற்கைநாதன் கோட்டருகே மிதந்து, கட்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். பிறகு அதே விரலால் மாடத்தியின் தோளைத் தள்ளினான். இரண்டும் ஒரே மாதிரி சோம்பலாக நகர்ந்தன.

"இத்துனூண்டு கட்டி," என்றான். "இவ்வளவையும் எங்க ஒளிச்சு வச்சிருக்கு?"

கடன் தீர்ந்தது என்று கோயில் ஏட்டில் அவனே எழுதினான்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் கப்பலின் சரக்குத் திட்டம் திரையில் வந்தது. ஆவுடைத்தங்கம் தேநீர்ப் பையை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். நான்கு பயணிகள். மூன்றாவது வரி: மாடத்தி, நோயாளி, 519.68 கிலோ.

தேநீர் மூக்குக்குள் ஏறியது.

வரச் சொன்ன கொற்கைநாதன் வாசலில் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் பதிவு போடலியே சித்தி. சும்மா நுழைச்சுப் பாத்தோம்."

"புறப்படுறதுக்கு முந்துன வாரத்துல, பயணிப் பட்டியல்ல இருக்குற ஆள் வளையத்துல நுழைஞ்சா, அது மூஞ்சியப் பாத்து அவுக வரியில தானா எழுதி முத்திரை வச்சிரும். பூமிக்கும் அனுப்பிரும். மாத்தணும்னா அங்க மூணு அலுவலகம் கையெழுத்துப் போடணும். நாப்பது நாள்."

"தெரியாமப் போச்சு."

"உனக்குத் தெரியாதது தப்பில்லடே. எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

திட்டத்தை மேலும் கீழும் படித்தாள். நிறுவனம் நல்ல பெயருக்காக எப்போதோ எழுதிவைத்த ஒரு விதி: நோயாளிக்கு முதலிடம், அவர் நிறை எவ்வளவானாலும் சரக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறி அந்த விதியை மதித்திருந்தது. மாடத்தி ஐந்நூற்றுப் பத்தொன்பது கிலோ என்றதும், சத்தமில்லாமல் இருபத்திரண்டு பிளாட்டினக் கட்டிகளை இறக்கிவிட்டது. கட்டி ஒன்று இருபத்தொரு கிலோ.

கப்பல் அப்படியே போகவும் முடியாது. புறப்படும் முன் கேப்டன் கப்பலை ஒரு சின்ன உந்து உந்திப் பார்ப்பார். இவ்வளவு விசைக்கு இவ்வளவு வேகம் என்றால் மொத்த நிறை இவ்வளவு என்று தெரிந்துவிடும். பதிவேட்டுக்கும் அதற்கும் ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கதவு திறக்கும், பயணம் நிற்கும், பூமியிலிருந்து விசாரணை வரும். மாடத்தி தாழ்வாரத்திலேயே கிடப்பாள்.

"இறக்குன கட்டிய ஏத்திருவோமே," என்றான் கொற்கைநாதன்.

"சரக்கு வரிக்கும் முத்திரை வச்சாச்சு. ஒரு கட்டி ஏத்துனாலும் திருட்டு."

இருபத்திரண்டு கட்டி. ஆவுடைத்தங்கம் பழக்கதோஷத்தில் நிறையை அடர்த்தியால் வகுத்துக் கன அளவு பார்த்தாள். பிளாட்டினம் லிட்டருக்கு இருபத்தொன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு லிட்டருக்கும் குறைவு. ஊரில் வீட்டு வாசலில் போடும் தண்ணீர்க் கேன் ஒன்றின் அளவு.

கப்பலில் பன்னிரண்டு இருக்கைகள் உண்டு. காற்றும் உணவும் எப்போதும் பன்னிரண்டு பேருக்கே இருக்கும். ஆனால் சரக்குக்கு இடம் விடுவதற்காக, ஒரு பயணத்துக்கு நான்கு பேருக்குத்தான் அனுமதி. மீதி எட்டு இருக்கைகள் மடித்தே கிடக்கும். ஒப்பந்தம் முடிந்தும் முறை வராமல் இரண்டு வருடம், மூன்று வருடம் காத்திருப்பவர்களின் பட்டியலும் அவள் அறையில்தான் இருந்தது. அத்தனை பேரையும் ஒரு தண்ணீர்க் கேன் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்று அவள் இதுவரை வகுத்துப் பார்த்ததில்லை. பெருக்குவதுதான் அவள் வேலை.

"நாதா," என்றாள். "என் பதிவேட்டுல பொய் இருக்கக் கூடாது."

"இருக்கே சித்தி."

"பதிவ மாத்த முடியாது. அப்ப மாடத்திய மாத்திருவோம்."

நோயாளி வரியின் முழுத் தலைப்பைக் காட்டினாள். 'நோயாளியும் அவருக்குத் தேவையான துணையும்.' துணை இத்தனை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கொற்கைநாதன் படித்தான். இன்னொரு முறை படித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"நானூத்தி அறுபத்தொரு கிலோ அறுநூத்தெண்பது கிராம் துணை," என்றான்.

"ஆமா. முதல் துணை பிறவிப்பெருமாள். எழுபத்தொண்ணு."

மற்ற ஆறு பேரைப் பட்டியலின் தலையிலிருந்து வரிசையாக எடுத்தாள். தனக்குப் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று பார்க்கவில்லை. அவளோடு மூன்று வருடமாகப் பேசாத உலைப்பிரிவு அருளப்பனும் அதில் இருந்தான். ஏழு பேரும், உடுத்திய துணியோடு, ஒருவர் பின் ஒருவராக வளையத்தில் நுழைந்தார்கள். 'உடல்' பொத்தானை ஒவ்வொரு தடவையும் ஆவுடைத்தங்கமே அமுக்கினாள். நானூற்று முப்பத்தொன்பது கிலோ. மிச்சத்துக்குக் குடிதண்ணீர் ஏற்றினாள். தண்ணீரின் வயிற்றில் காற்று ஒளிந்திருந்தால் பையைத் தட்டியே வெளியேற்றிவிடலாம்.

புறப்படும் நாள் காலை கேப்டன் மிக்கேலம்மாள் கப்பல் வாசலில் பதிவேட்டோடு நின்றார். தூத்துக்குடிக்காரர். பன்னிரண்டு வருடமாக இந்தத் தடத்தில் ஓட்டுகிறார். பதிவேட்டின் மூன்றாவது வரியில் விரல் வைத்திருந்தார்.

"ஆவுடை, நானும் எவ்வளவோ பேர ஏத்திருக்கேன். அரை டன்னு பொம்பளைய இப்பத்தான் பாக்கப் போறேன். எங்க அவங்க?"

"வந்துக்கிட்டே இருக்கா கேப்டன். மொத்தமும் வந்து சேரணும்லா, கொஞ்சம் நேரமாவும்."

தாழ்வாரத்தின் வளைவில் முதலில் மாடத்தியின் கட்டுப்போட்ட கால் தெரிந்தது, பிறகு மாடத்தி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிறவிப்பெருமாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். எட்டுப் பேர் கோத்துக்கொண்டு வந்தார்கள்.

கேப்டன் எண்ணினார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"இவர் யாரு?"

"துணை. இடது பக்கம் பிடிச்சுக்கிடுவாரு," என்றாள் ஆவுடைத்தங்கம்.

"அந்தம்மா?"

"வலது பக்கம்."

"அந்தா, பின்னால நிக்காரே?"

"மருந்து எடுத்துக் கொடுக்க. அவரு பக்கத்துல இருக்கவரு, அந்த மருந்து கசக்கும்போது கதை சொல்ல."

"நான் எதுக்கு வாரேன்னு எனக்கே தெரியல," என்றான் அருளப்பன் உண்மையாக.

மாடத்தி திரும்பினாள். "அஞ்சு மாசம் யார்கூடயாவது சண்ட போடாம எனக்கு இருக்க முடியாது அண்ணாச்சி. இவுகல்லாம் நல்லவுக. அதுக்குத்தான் நீங்க."

கேப்டன் சிரிக்கவில்லை. ஆவுடைத்தங்கத்தை நேராகப் பார்த்தார். இந்தப் பார்வைக்குத்தான் அவள் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"மாட்டுனா உன் வேலை போவும். என் கப்பலும் போவும். தெரியும்லா?"

"தெரியும். ஆனா நீங்க வேற யாரையும் நம்ப வேண்டாம் கேப்டன். உந்திப் பாருங்க. கப்பல் சொல்லட்டும், என் வரி பொய்யா நிசமான்னு."

மிக்கேலம்மாள் பதிவேட்டை மூடினார். பிறகு நகர்ந்து வழி விட்டார். மடித்துக் கிடந்த இருக்கைகள் ஒவ்வொன்றாக விரியும் சத்தம் கேட்டது. பல வருடம் விரியாத இருக்கைகள். கீச்சிட்டன.

கதவு மூடியதும் ஆவுடைத்தங்கம் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கொற்கைநாதன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். உச்சினிமாகாளியிடம் எதையும் புதிதாக நேர்ந்துவிடாதே என்று அவன் காதில் சொன்னாள். கப்பல் ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. ஒலிபெருக்கி நெடுநேரம் இரைந்துகொண்டிருந்தது.

"பதிவேட்டுக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்," என்றது கேப்டனின் குரல். "வரி சரி. நாங்க போறோம்."

பத்தொன்பது ஆண்டுப் பதிவேட்டில் அதைவிடத் துல்லியமான வரி இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டு கட்டிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நோயாளிக்காக இறக்கியதை ஏன் இறக்கினாய் என்று கேட்டால் நல்ல பெயர் கெட்டுவிடும். நான்காவது வாரம் பூமி அலுவலகத்தின் பயணிகள் நலப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொற்கைநாதன் அதை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் பாய்ந்து வந்து எதிர்ச்சுவரில் இடித்து நின்றான்.

"படிங்க சித்தி. சிரிப்புல எனக்குப் படிக்க வரல."

பயணி மாடத்தியின் நிறையை நிறுவனம் அக்கறையோடு கவனித்திருக்கிறது என்று கடிதம் தொடங்கியது. இறங்கும் இடத்தில் எஃகுச் சட்டம் போட்ட கட்டில் ஒன்று தனியாகச் செய்யப்பட்டுவிட்டது. தூக்கி இறக்க இயந்திரம் தயார். இப்படியொரு உடலைப் பரிசோதிக்கும் வாய்ப்புக்காக மூன்று மருத்துவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். அவர் இறங்கியதும் பரிமாறப்படும் முதல் உணவு மனதுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்பதில் நிறுவனம் உறுதியாக இருக்கிறது. எனவே பயணிக்கு விருப்பமானது எது, எவ்வளவு தேவைப்படும் என்பதை நிறைப் பதிவாளர் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

ஆவுடைத்தங்கம் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். விசைப்பலகையை இழுத்தாள். தான் எழுதிய எதிலும் பொய் இருக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் தட்டினாள்.

'சோறு, நெத்திலிக் குழம்பு, அப்பளம். எட்டு இலை போடவும்.'